ஆலை வாசலில் நின்றுவிடும் சமூகநீதி: பள்ளி, கல்லூரி, வேலை இணைப்புத் திட்டங்கள் குறித்து காஞ்சிபுரத்திலிருந்து ஒரு சட்டப் பார்வை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள ஒரு மாணவர் விடுதியில் சட்ட விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், கல்வி உதவித்தொகை, தகவல் பெறும் உரிமை என வழக்கமான தலைப்புகளைப் பேசி முடித்தபோது பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர் ஒருவர் எழுந்தார். "அக்கா, இன்டர்வியூல அப்பா என்ன பண்றாரு, ஊர்ல எந்தத் தெருன்னு கேட்டா என்னக்கா சொல்றது?" என்று கேட்டார். சிலர் சிரித்தனர். பலர் சிரிக்கவில்லை, விடைக்காகக் காத்திருந்தனர். சட்டம் படித்த எனக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை.

அந்த மாணவர் அரசு சொன்ன அனைத்தையும் செய்து முடித்தவர். அரசுப் பள்ளியில் படித்தார். உயர்கல்வி வழிகாட்டி வகுப்பில் அமர்ந்தார். பட்டயப் படிப்போடு திறன் பயிற்சிச் சான்றிதழும் பெற்றார். மாதிரி நேர்காணலில் கலந்துகொண்டார். தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்வதில் அவர் எந்தக் குறையும் வைக்கவில்லை. அவருடைய கேள்வி, மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவரைப் பற்றியது. பள்ளியையும் கல்லூரியையும் வேலையளிப்பவரையும் இணைக்கும் இன்றைய திட்டங்கள் எவற்றிலும் அந்தக் கேள்விக்குப் பாடம் இல்லை.

இத்திட்டங்கள் மாணவரை ஆலை வாசல்வரை அழைத்துச் செல்கின்றன. அந்த வாசலில் என்ன நடக்கிறது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணுவதற்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பதையும், அதை நாம் பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்பதையும் முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்பணம் என்ற பழைய பாலம்

குழந்தையையும் முதலாளியையும் இணைக்கும் பாலம் காஞ்சிபுரத்துக்குப் புதிதன்று. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைந்து, நெசவிலேயே கோக்கப்படும் கோர்வைச் சேலைதான் காஞ்சிப் பட்டின் பெருமை. அதை நெய்ய நெசவாளர் ஒருவர் போதாது. ஒருபுறக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் வேண்டும். பல ஆண்டுகள் அந்த இன்னொருவர் குழந்தையாக இருந்தார். பெற்றோர் வாங்கிய முன்பணம் கழியும்வரை அக்குழந்தை தறியை விட்டு எழ முடியாது. நகரத்தின் தறிக்கூடங்கள் முதல் சுற்றுவட்டார ஊர்கள் வரை இந்த ஏற்பாடு பரவியிருந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும், 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் நடைமுறைக்கு வந்த பின்னரும் அது நீடித்தது. 2003ஆம் ஆண்டில் இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை குறித்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, ஆய்வு செய்த இடங்களில் ஒன்றாகக் காஞ்சிபுரத்தைக் குறித்தது. இவ்வாறு சிக்கியிருந்த குழந்தைகளில் தலித்துகள் பெருமளவில் இருந்ததையும் அது பதிவு செய்தது.

தொடர் இயக்கங்களாலும் வழக்குகளாலும் சிறப்புப் பள்ளிகளாலும் அந்தப் பாலம் பெரும்பாலும் அறுக்கப்பட்டது. ஆயினும் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பிறகு குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என்ற விதிவிலக்கைத் தந்திருக்கிறது. தறி வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஊரில் இந்த விதிவிலக்கின் பொருளை விளக்கத் தேவையில்லை.

கல்வியைத் தொழிலோடு இணைப்பதாகச் சொன்ன இன்னொரு முயற்சியையும் தமிழ்நாடு மறக்கவில்லை. 1953ஆம் ஆண்டில் அன்றைய முதலமைச்சர் இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. மக்கள் அதற்கு வைத்த பெயர் குலக்கல்வித் திட்டம். பெரும் எதிர்ப்பின் விளைவாக 1954இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். எழுபது ஆண்டுகள் கழித்து, 2023இல் ஒன்றிய அரசு அறிவித்த விஸ்வகர்மா திட்டத்திலும் குடும்பத் தொழில் என்ற அதே நிழல் விழுந்தது. அந்த நிபந்தனையை நீக்கக் கோரிய தமிழ்நாடு அரசு, கோரிக்கை ஏற்கப்படாத நிலையில், அத்திட்டத்தை அதே வடிவில் நடைமுறைப்படுத்த இயலாது என்று 2024 நவம்பரில் தெரிவித்தது.

இவ்வரலாறு நமக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுத் தந்திருக்கிறது. கல்வியை வேலையோடு இணைக்கிறோம் என்று எவர் சொன்னாலும், யாரை எந்த வேலையோடு இணைக்கிறீர்கள் என்று கேட்கும் பழக்கம் அது. சாதி என்பது உழைப்பைப் பிரிப்பதோடு நிற்காமல் உழைப்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார். இணைப்புத் திட்டம் ஒன்று அந்த அடுக்கைக் கலைக்கிறதா, அப்படியே கொண்டுபோய் ஆலைக்குள் வைக்கிறதா என்பதே அதை அளக்கும் கோல்.

இன்றைய பாலமும் அதன் நீளமும்

இன்றைய திட்டங்கள் குலக்கல்விக்கு நேர்எதிர்த் திசையில் பயணிப்பவை என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட 'நான் முதல்வன்' திட்டம், ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்ற இலக்கை அறிவித்தது. பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டுதல், கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே தொழில்துறை சார்ந்த பயிற்சி, வேலைவாய்ப்பு முகாம் என ஒரு தொடர்ச்சியை அது உருவாக்கியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குக் 'கல்லூரிக் கனவு', படிப்பைத் தொடராதவர்களைத் தேடி அழைக்க 'உயர்வுக்குப் படி', அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரியில் சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்', 2024 முதல் ஆண்களுக்கும் அதேபோல் 'தமிழ்ப் புதல்வன்' ஆகியவை துணைநிற்கின்றன. 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய் மதிப்பில் நவீனப்படுத்தும் ஒப்பந்தமும் 2022இல் கையெழுத்தானது.

இவற்றால் பயன்பெறுவோரில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் நம் பிள்ளைகள் ஏராளம். இத்திட்டங்களை எள்ளி நகையாடுவது எனக்கு உடன்பாடன்று. ஆனால் இவற்றைச் சட்டக் கண்ணோடு படித்தால் ஒன்று புலப்படும். அவை அனைத்தும் மாணவரை மாற்றுகின்றன. அவருடைய ஆங்கிலம், கணினி அறிவு, நேர்காணலில் அமரும் தோரணை ஆகியவற்றைத் திருத்துகின்றன. வேலையளிப்பவரிடம் எதையும் கட்டாயமாகக் கேட்பதில்லை.

கல்லூரியின் வாசலில் நிலைமை வேறு. அங்கே சட்டம் காவல் நிற்கிறது. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்பதைத் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் உறுதி செய்கிறது. அரசியலமைப்பின் 93ஆவது திருத்தத்தால் 2005இல் சேர்க்கப்பட்ட 15(5) பிரிவும், 2006ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் தனியார் கல்லூரிகளுக்கும் இந்தக் கடமையை விரித்தன. எத்தனை இடம், எத்தனை பேர் என்ற கணக்கு அங்கே கேட்கப்படுகிறது. ஆனால் வேலைவாய்ப்புக்கான 16(4) பிரிவு அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது. 2006இல் தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கை வலுத்தபோது, தொழில் கூட்டமைப்புகள் விருப்பத்தின்பேரிலான நடத்தை நெறியை முன்வைத்தன, சட்டம் வரவில்லை. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு ஆளெடுப்பில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்கிறது. அந்தப் பிரிவில் சாதி என்ற சொல் இல்லை.

ஆக, மூன்று கண்ணிகள் கொண்ட சங்கிலியில் முதலிரண்டிலும் சமூகநீதி சட்டமாக இருக்கிறது. மூன்றாவதில் அது நிறுவனத்தின் நல்லெண்ணமாக மட்டும் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் இதன் விளைவு பெரிது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. செங்கல்பட்டு பிரிவதற்கு முந்தைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் அது ஏறத்தாழ 24 விழுக்காடு. இதே மாவட்டத்தில்தான் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் எனச் சிப்காட் தொழிற்பூங்காக்கள் வரிசையாக நிற்கின்றன. விடியற்காலையில் பொன்னேரிக்கரையில் நிறுவனப் பேருந்துக்காகக் காத்திருக்கும் கூட்டத்தில் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் எத்தனை பேர் நிரந்தரத் தொழிலாளர், எத்தனை பேர் ஒப்பந்தத் தொழிலாளர், எத்தனை பேர் மேற்பார்வையாளர் நாற்காலி வரை சென்றனர் என்ற கணக்கைச் சாதிவாரியாக வெளியிடும் கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை.

அப்பா என்ன செய்கிறார்?

மாணவர் கேட்ட கேள்வி கற்பனை அச்சமன்று என்பதற்கு ஆய்வுகள் சான்று பகர்கின்றன. 2007ஆம் ஆண்டில் 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழ் இது குறித்த மூன்று ஆய்வுகளை ஒன்றாக வெளியிட்டது. சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் நாளிதழ் விளம்பரங்களில் வந்த தனியார் வேலைகளுக்கு, ஒரே தகுதியைக் காட்டும் விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினர். உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கியது. தகுதி மாறவில்லை, பெயர் மட்டுமே மாறியிருந்தது.

சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் டெல்லி வட்டார நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசினர். நாங்கள் சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் பார்க்கிறோம் என்ற மேலாளர்களே, விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றும் கருதினர். அஸ்வினி தேஷ்பாண்டேவும் நியூமனும் டெல்லியில் உள்ள பல்கலைக்கழக மாணவர்களைப் படிப்பிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியில் பின்தொடர்ந்தனர். ஒரே வகுப்பில் படித்த தலித் மாணவர்கள், தனியார் துறையின்மீது குறைந்த நம்பிக்கையோடும் அரசு வேலையையே பெரிதும் எதிர்நோக்கியும் வெளியேறியதை அவர்கள் பதிவு செய்தனர். கல்லூரி சமமாக்கியதை நேர்காணல் அறை மீண்டும் பிரித்துவிடக்கூடும் என்பதே இவற்றின் சாரம்.

பயிற்சி மட்டும் வாசலைத் திறக்காது என்பதற்குக் கோயில் நகரத்தாருக்கு நன்கு புரியும் எடுத்துக்காட்டு ஒன்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற 2006ஆம் ஆண்டு அரசாணையைத் தொடர்ந்து ஆறு இடங்களில் அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. 200க்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஆகமமும் வழிபாட்டு முறையும் கற்றுச் சான்றிதழ் பெற்றனர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2015 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆனாலும் வேலை வரவில்லை. 2018இல்தான் முதல் நியமனம் நடந்தது. 2021 ஆகஸ்டில் பயிற்சி முடித்த 24 பேருக்குப் பணியாணை வழங்கப்பட்டது. பள்ளி இருந்தது, பாடத்திட்டம் இருந்தது, சான்றிதழ் இருந்தது. வாசலைத் திறக்க வேண்டிய கடமை மட்டும் நிறைவேற்றப்படாததால் இளைஞர்களின் பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட வாழ்க்கை காத்திருப்பில் கழிந்தது. அரசின் இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களிலேயே இந்நிலை என்றால், தனியார் ஆலையின் வாசலைப் பயிற்சிச் சான்றிதழ் தானாகத் திறந்துவிடும் என்று நம்ப என்ன காரணம் இருக்கிறது?

மறக்கப்பட்ட பிரிவு 3ஏ

தனியார் நிறுவனத்தில் இடஒதுக்கீட்டுக்கு இந்தியாவில் சட்டமே இல்லை என்று நாம் பேசிப் பழகிவிட்டோம். அது முழு உண்மையன்று. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில் 1973ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 3ஏ பிரிவு, குறித்துரைக்கப்பட்ட ஒவ்வொரு தொழிலிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை வேலையளிப்பவர் ஒதுக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. ஒதுக்கீட்டின் அளவு அந்த மாநிலத்தில் அம்மக்களின் தொகையைக் கருத்தில் கொண்டு விதிகளால் நிர்ணயிக்கப்பட வேண்டும். 2007ஆம் ஆண்டுத் திருத்தம் இதர பிற்படுத்தப்பட்டோருக்கும் இதை விரித்தது. இது அரசு நிறுவனத்துக்கும் தனியார் நிறுவனத்துக்கும் ஒன்றாகவே பொருந்தும்.

இன்றைய விதிகளின்படி 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்கள் தம் மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். அந்த ஆள்பலக் கணக்கில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அடங்குவர். 4,000 பேர் வேலை செய்யும் ஆலையை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்சம் 100 பழகுநர்கள் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் மக்கள்தொகை அளவைக் கொண்டு பார்த்தால் அவர்களில் 20 பேர் அளவுக்குப் பட்டியல் சாதியினராக இருக்க வேண்டும். பள்ளி, தொழிற்பயிற்சி நிலையம், ஆலை மூன்றையும் இணைக்கும் இடத்தில் சமூகநீதியைச் சட்டமாக வைத்திருக்கும் ஒரே ஏற்பாடு இதுதான். தன் பக்கத்திலுள்ள ஆலைக்கு இப்படியொரு கடமை இருப்பதை அறிந்த மாணவரை நான் நடத்திய கூட்டங்களில் இதுவரை சந்தித்ததில்லை.

இச்சட்டத்தின் ஓட்டைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முதலாவது, ஒதுக்கப்பட்ட இடங்களுக்கு ஆட்கள் கிடைக்காவிட்டால் மற்றவர்களைக் கொண்டு நிரப்பலாம் என்று விதிகள் இடம் தருகின்றன. பக்கத்து ஊர்ச் சேரியில் பட்டயம் முடித்த பத்துப் பேர் இருக்கும்போதும், ஆள் கிடைக்கவில்லை என்ற ஒற்றை வரி கோப்பில் போதுமானதாகிவிடக்கூடும். இரண்டாவது, 2014ஆம் ஆண்டுத் திருத்தம் வேலையளிப்பவரே வரையறுக்கும் விருப்பத் தொழில் என்ற புதிய வகையை அறிமுகப்படுத்தியது. 3ஏ பிரிவின் வாசகமோ குறித்துரைக்கப்பட்ட தொழிலைப் பற்றியே பேசுகிறது. பயிற்சி இடங்கள் விருப்பத் தொழிலுக்கு நகர நகர இடஒதுக்கீடு சுருங்கும் ஆபத்து உண்டு.

மூன்றாவது, தண்டனை. அதே 2014ஆம் ஆண்டுத் திருத்தம் சிறைத் தண்டனையை நீக்கி, பழகுநர் எண்ணிக்கை குறைந்தால் ஓர் இடத்துக்கு முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் 500 ரூபாய், அதன்பின் மாதம் 1,000 ரூபாய் என்று அபராதம் வைத்தது. ஓராண்டு முழுவதும் ஓர் இடத்தைக் காலியாக வைத்தால் அபராதம் 10,500 ரூபாய். 2019ஆம் ஆண்டு விதிகளின் மிகக் குறைந்த உதவித்தொகையான மாதம் 5,000 ரூபாயில் ஒரு பழகுநரை எடுத்தால் ஆண்டுச் செலவு 60,000 ரூபாய். சட்டத்தை மதிப்பதைவிட மீறுவது மலிவு என்னும்போது கணக்குத் தெரிந்த நிறுவனம் எதைத் தேர்ந்தெடுக்கும்?

நான்காவது, பழகுநர் தொழிலாளர் அல்லர் என்று 18ஆவது பிரிவு சொல்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டும் என்ற பொதுக் கட்டாயமும் இல்லை. வேலையளிப்பவர் தமக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்பதோடு 22ஆவது பிரிவு நின்றுவிடுகிறது. உத்தரப் பிரதேச அரசுப் போக்குவரத்துக் கழக வழக்கில் 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், பிற தகுதிகள் சமமாக இருக்கும்போது பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றது. அது அரசுக் கழகத்தைப் பற்றிய தீர்ப்பு. தனியார் ஆலைக்கு எதிராக அதை அப்படியே நீட்டுவது எளிதன்று.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் 3ஏ பிரிவை நான் உயர்த்திப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. தனியார் நிறுவனத்தின்மீது இடஒதுக்கீட்டைச் சுமத்த முடியாது என்று சொல்பவருக்கு அது 1973 முதல் சட்டப் புத்தகத்தில் இருக்கும் மறுமொழி. மேலும் அது எண்ணிக்கையைக் கோருகிறது. எண்ணிக்கை இருக்கும் இடத்தில்தான் பாகுபாட்டை நிறுவ முடியும்.

வாய் திறவாத பாகுபாடு

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட ஓர் உட்பிரிவு, மற்றவர்களுக்குத் திறந்திருக்கும் தொழிலையோ வேலையையோ பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மேற்கொள்வதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. இது நம் கையில் உள்ள கூர்மையான கருவி. ஆனால் குற்றவியல் வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். சாதியைச் சொல்லித் துரத்தியவர் சிக்குவார். தெருவைக் கேட்டுவிட்டு, புன்னகைத்து, தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டு, பிறகு சொல்லாமலே இருப்பவர் சிக்கமாட்டார். ஒரு தனி நேர்காணலில் இதைக் காட்ட முடியாது. முந்நூறு நேர்காணல்களின் முடிவுகளை அடுக்கி வைத்தால் காட்ட முடியும்.

வட அயர்லாந்து இந்த வழியில் நடந்திருக்கிறது. கத்தோலிக்கர்கள் வேலைகளிலிருந்து ஒதுக்கப்பட்ட நீண்ட வரலாறு அங்குண்டு. பாகுபாட்டைத் தடை செய்த முந்தைய சட்டம் போதவில்லை. எனவே 1989ஆம் ஆண்டின் நியாய வேலைவாய்ப்புச் சட்டம், தம்மிடம் பணிபுரிவோரில் கத்தோலிக்கர் எத்தனை, புரோட்டஸ்டண்டுகள் எத்தனை என்று எண்ணி, கண்காணிப்பு ஆணையத்துக்கு ஆண்டுதோறும் அனுப்பும் கடமையைத் தனியார் நிறுவனங்கள்மீதும் சுமத்தியது. தென்னாப்பிரிக்கா 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இனவாரி அறிக்கையைக் கேட்கிறது. இந்நாடுகளில் பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பாகுபாடே இல்லை என்று கணக்குக் காட்டாமல் சாதிக்க அங்கே இயலாது என்பதையே சொல்கிறேன்.

உள்ளே நுழைந்த பிறகு என்ன என்பதும் இதே கேள்வியின் மறுபாதி. 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதி உணவால் நோயுற்று, 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையடுத்து, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினர். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக 37 நாள்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நம் வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்புகளில் தன்விவரம் எழுதக் கற்பிக்கிறார்கள். ஊதியச் சீட்டைப் படிக்கவும், வருங்கால வைப்பு நிதி கட்டப்படுகிறதா என்று பார்க்கவும், சங்கம் அமைப்பது அரசியலமைப்பு தந்த உரிமை என்று அறியவும் கற்பிப்பதில்லை. பழகுநருக்குத் தொழிற்சாலைச் சட்டத்தின் பாதுகாப்பு விதிகள் பொருந்தும் என்பதும், பணியில் காயமடைந்தால் இழப்பீடு உண்டு என்பதும் தொழிற்பழகுநர் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கின்றன. மாணவரை வேலைக்குத் தயார்ப்படுத்துவது என்பதில் இவையும் அடங்க வேண்டும்.

எண்ணத் தொடங்குவோம்

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. நிறுவனங்கள் சிப்காட் நிலத்தைப் பெறுகின்றன. பல நிறுவனங்கள் அரசுச் சலுகைகளையும் பெறுகின்றன. பழகுநர் உதவித்தொகையில் ஒரு பகுதியைத் தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் வழியாக ஒன்றிய அரசே ஏற்கிறது. பொதுச் சொத்தையும் பொதுப் பணத்தையும் பெறுபவர் பொதுமக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தங்களிலும் நில ஒதுக்கீட்டு ஆணைகளிலும், ஆளெடுப்பு மற்றும் பழகுநர் விவரங்களைச் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிடும் நிபந்தனையைச் சேர்க்கப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 'நான் முதல்வன்' முகாம்களில் எத்தனை பேர் பயிற்சி பெற்றனர் என்ற எண்ணோடு, எந்தச் சமூகப் பிரிவினர் எத்தனை பேருக்கு எந்த ஊதியத்தில் வேலை கிடைத்தது, ஓராண்டு கழித்தும் எத்தனை பேர் பணியில் நீடிக்கின்றனர் என்ற எண்களையும் அரசு வெளியிட வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தை 2024இல் நிறைவேற்றிய மாநிலம், அந்த நிதியில் அளிக்கப்படும் பயிற்சியின் விளைவை அளக்கத் தயங்கக் கூடாது.

அரசு கணக்குத் தரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டம் தனியார் நிறுவனத்துக்கு நேரடியாகப் பொருந்தாது என்று சொல்லி நம்மைத் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் பிற சட்டத்தின்கீழ் ஒரு பொது அதிகார அமைப்பு பெறக்கூடிய தனியார் நிறுவனத் தகவலும் 'தகவல்' என்ற வரையறைக்குள் அடங்கும் என்று அச்சட்டத்தின் 2(எஃப்) பிரிவு கூறுகிறது. தொழிற்பழகுநர் சட்டத்தின் 19ஆவது பிரிவு வேலையளிப்பவரைப் பதிவேடுகள் பேணவும் விவர அறிக்கைகள் அனுப்பவும் கட்டாயப்படுத்துகிறது. 29ஆவது பிரிவு ஆய்வுக்கு அதிகாரம் தருகிறது. எனவே தொழிற்பயிற்சி முடித்தவர்களுக்கு மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையிடமும், பட்டய, பட்டதாரிப் பழகுநர்களுக்குச் சென்னைத் தரமணியில் உள்ள தென்மண்டலப் பழகுநர் பயிற்சி வாரியத்திடமும் விண்ணப்பிக்கலாம். குறிப்பிட்ட ஆலையில் எத்தனை பழகுநர்கள், எந்தெந்தத் தொழிலில், பட்டியல் சாதியினர் எத்தனை பேர், நிரப்பப்படாத இடங்கள் எத்தனை, அதற்கு எழுதப்பட்ட காரணம் என்ன, எத்தனை அறிவிப்புகள் அனுப்பப்பட்டன என்று கேளுங்கள். பெயர்களைக் கேட்காதீர்கள், தனிநபர் தகவல் என்று மறுக்க அது வழி தரும். எண்களைக் கேளுங்கள். 30 நாள்களில் விடை வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். ஒரு கல்லூரியின் பத்து மாணவர்கள் ஆளுக்கொரு ஆலையைப் பற்றிக் கேட்டால், ஓராண்டுக்குள் ஒரு தொழிற்பூங்காவின் வரைபடம் நம் கையில் இருக்கும்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். தெருவின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். சொல்லாவிட்டால் வேலை கிடைக்காமல் போகலாம் என்பதையும், அதைத் தடுக்கும் வலு இன்றைய சட்டத்துக்கு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. என்ன பதில் சொல்வது என்பதை அந்த நேரத்தில் உன் தேவையைப் பார்த்து நீயே முடிவு செய், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, வெட்கப்பட வேண்டியவர் கேட்டவர் என்றேன். ஆனால் வெளியே வந்ததும் நாளையும் நிறுவனத்தையும் கேட்ட கேள்வியையும் அன்றே எழுதி வை என்றேன். ஒருவர் எழுதினால் அது மனக்குறை. ஒரு விடுதியே எழுதினால் அது சான்று.

விடுதி மாணவர்கள் அன்றிரவே ஒரு நீளக் குறிப்பேடு வாங்கிக் கோடு போட்டிருக்கிறார்கள்: நாள், நிறுவனம், வேலை, கேட்கப்பட்ட கேள்வி, முடிவு. அடுத்த வாரம் நேர்காணலுக்குச் செல்லவிருக்கும் நால்வரின் பெயர்கள் முதல் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. முடிவு என்ற கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.